இறுகிப்போன பிஸ்டனை வெளியே எடுப்பது எப்படி: லைகமிங் ஓ-320 இன்ஜினுக்கான முழுமையான வழிகாட்டி

பல வருடம் ஓடாமல் கிடந்த விமான இன்ஜின் பட்டறைக்கு வந்ததும், புதிதாகச் சேர்ந்தவர் ப்ரொப்பெல்லரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். அசையாது. பக்கத்தில் நிற்பவரையும் கூப்பிடுவார். இரண்டு பேர் தொங்கியும் அசையாவிட்டால் "பிஸ்டன் சீஸ் ஆயிடுச்சு" என்று முடிவு கட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அதற்குள் பிஸ்டனைச் சுழல் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் ஒன்று வளைந்திருக்கும்.

செஸ்னா 172 விமானங்கள் பலவற்றில் இருக்கும் லைகமிங் ஓ-320 இன்ஜினை வைத்து இதை எழுதுகிறேன். நான்கு சிலிண்டர், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில், காற்றால் குளிர்பவை. சிலிண்டரின் உள்விட்டம் 130 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 98 மி.மீ. சொச்சம். கார் இன்ஜினில் பழகியவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த சிலிண்டரின் அலுமினிய ஹெட் தனியாகக் கழலாது. அதைச் சூடாக்கி, பிஸ்டன் ஓடும் எஃகு உருளையான பேரலின் மேல் மரையில் திருகி இறுக்கியிருப்பார்கள். "ஹெட்டைக் கழற்றிவிட்டு மேலிருந்து கட்டை வைத்துத் தட்டலாம்" என்ற வழியே இங்கே கிடையாது. கீழே வரும் படிகளின் வரிசை பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால் அமைந்ததுதான்.

1. பறக்கவா, பாடத்துக்கா?

இன்ஜின் மறுபடி பறக்கப் போகிறதென்றால், உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளரின் பொறுப்பில், தயாரிப்பாளரின் ஓவர்ஹால் கையேட்டின்படிதான் வேலை நடக்க வேண்டும். அங்கே இறுகிய சிலிண்டரையும் பிஸ்டனையும் போனதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காப்பாற்ற வேண்டியவை கிராங்க் கேஸ் (இன்ஜினின் நடு உடல்), அதற்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட். சிலிண்டரை மாற்றிக்கொள்ளலாம். கேஸ் போனால் இன்ஜினே போன மாதிரி.

மாணவர்கள் கழற்றிப் பூட்டிப் பழகவோ காட்சிக்கு வைக்கவோ என்றால் சிலிண்டரையும் காப்பாற்றப் பார்க்கலாம். கீழே 10-ஆம் படியில் வரும் கிரீஸ் அழுத்த முறை அந்த வகைக்குத்தான்.

இந்த முடிவை முதலிலேயே எடுக்காதவர்கள் பாதி வழியில் தடுமாறுவார்கள். மாற்றப் போகிற சிலிண்டருக்காக மூன்று வாரம் செலவழித்தவர்கள் உண்டு. அதைவிட மோசம், அந்த சிலிண்டரைக் காப்பாற்றப் போய் ராடை வளைத்துக்கொள்வது.

2. கையில் இருக்க வேண்டியவை

இன்ஜின் விமானத்திலிருந்து இறங்கி, சுழலும் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். ஸ்டாண்ட் கிராங்கின் அச்சில் சுழல்வதாக இருப்பது முக்கியம். காரணம் 6-ஆம் படியில்.

சிலிண்டர் அடி நட்டுகளுக்கு வளைந்த ஸ்பெஷல் ஸ்பானர் வேண்டும். சாதாரண ரிங் ஸ்பானர் சிலிண்டரைக் குளிர்விக்கும் தகடுகளான ஃபின்களில் இடித்து, நட்டின் முனையை மழுக்கிவிடும். துளைக்குள் பார்க்கும் போரோஸ்கோப், டார்க் ரெஞ்ச், ஹீட் கன், பிரஷர் கேஜ் பொருத்திய கிரீஸ் கன், ஸ்டட்டுகளில் (கேஸிலிருந்து நீட்டிநிற்கும் மரைத் தண்டுகள்) போட சில எஃகுப் புஷ்கள் (குழாய்த் துண்டுகள்), அசிட்டோன், பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெய் ஆகியவையும் தேவை.

லேத் பட்டறையில் செய்துவாங்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய 18 மி.மீ. ஸ்பார்க் பிளக்கின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, உள்ளே மரை போட்டு கிரீஸ் நிப்பிள் வைக்கச் சொல்லுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது இதற்காக அலையாமல் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் எழுதிய அட்டைகளும் பைகளும் நிறைய எடுத்து வையுங்கள். புஷ் ராட், ஹைட்ராலிக் டாப்பெட், பிஸ்டன் பின் எல்லாம் எந்த சிலிண்டருடையதோ அதற்கே திரும்பப் போக வேண்டும்.

3. பிஸ்டன்தான் காரணமா?

பிளக்குகளுக்கு ஸ்பார்க் தரும் மேக்னெட்டோவின் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதா, எர்த் ஒயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு. இதில் இரண்டு லாபம். தவறிப்போய் ஸ்பார்க் வந்தாலும் உள்ளே எதுவும் எரியாது. உள்ளே தண்ணீரோ எண்ணெயோ தேங்கித்தான் இன்ஜின் நின்றிருந்தால், கீழ்ப் பிளக் துளை வழியாக அது வடிந்துவிடும். அப்போது அது சீஸே இல்லை.

அடுத்து ஸ்டார்ட்டர். எங்களிடம் பழக வந்த இருவர் ஒரு வாரம் சிலிண்டரில் எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தார்கள். கடைசியில் ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் ரிங் கியரில் மாட்டிக்கொண்டு துருப்பிடித்திருந்தது. ஸ்டார்ட்டரைக் கழற்றியதும் இன்ஜின் கையால் சுற்றியது. அந்த ஒரு வாரத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

இரண்டும் இல்லையென்றால் போரோஸ்கோப்பை விட்டு நான்கு சிலிண்டரையும் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி துருப்பிடித்திருக்காது. இன்ஜின் நின்ற நிலையில் எந்த சிலிண்டரின் வால்வு திறந்திருந்ததோ, ஈரக்காற்று அதற்குள்தான் தாராளமாகப் போய்வந்திருக்கும். கடலோரத்தில் நின்ற இன்ஜினில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு சிலிண்டரின் சுவர் செங்கல் நிறத்தில் இருக்க, பக்கத்து சிலிண்டரில் எண்ணெய் மினுமினுக்கும்.

4. ப்ரொப்பெல்லரைக் கழற்றி ஓரமாக வையுங்கள்

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ப்ரொப்பெல்லரின் நுனிக்கு அருகே, மையத்திலிருந்து 90 செ.மீ. தள்ளி, 40 கிலோ விசையோடு இழுக்கிறீர்கள். கிராங்கின் கை ஸ்ட்ரோக்கில் பாதி, அதாவது 49 மி.மீ. பிஸ்டன் நடுவழியில் நின்றிருந்தால் ராடின் மேல் 700 கிலோவுக்கு மேல் விசை விழும். பிஸ்டன் உச்சிக்கு அருகே, உச்சியிலிருந்து 10 டிகிரி தள்ளி நின்றிருந்தால் அதே இழுப்பு 3 டன்னைத் தாண்டும். அந்த இடத்தில் கிராங்க் ஒரு ஜாக்கி போல வேலை செய்கிறது.

கையில் உங்களுக்கு எதுவும் தெரியாது. "லேசாத்தான் இழுத்தேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

ப்ரொப்பெல்லரைக் கழற்றியபின், அதன் ஃப்ளாஞ்சில் இரண்டு போல்ட்டைப் போட்டு, 60 செ.மீ. மரச்சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள். இனி அசைத்துப் பார்ப்பதெல்லாம் இந்தச் சட்டத்தில், ஒற்றைக் கையால்.

5. வால்வுகளை மூடுங்கள்

ராக்கர் மூடிகளைத் திறந்து, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களைக் கழற்றி, அவற்றைத் தள்ளும் புஷ் ராட்களை உருவி எடுங்கள். இப்போது ஸ்பிரிங்குகள் எல்லா வால்வுகளையும் மூடிவிடும்.

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போவார்கள். சிலிண்டருக்குள் ஊற்றியது மறுநாள் காலையில் தரையில் கிடக்கும். "பிஸ்டன் ரிங் வழியா இறங்கிடுச்சு, வேலை செய்யுது" என்று மகிழ்வார்கள். உண்மையில் அது திறந்திருந்த எக்ஸாஸ்ட் வால்வு வழியாகப் போயிருக்கும்.

6. சிலிண்டரை நிமிர்த்தி ஊற விடுங்கள்

படுத்திருக்கும் சிலிண்டரில் திரவம் அடிப்பக்கம் மட்டுமே தேங்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் மேல் பாதி காய்ந்தே கிடக்கும். அதனால் கிராங்க் கேஸின் எண்ணெயை வடித்துவிட்டு, ஸ்டாண்டில் இன்ஜினை 90 டிகிரி உருட்டி, பிரச்சினை உள்ள சிலிண்டரின் ஹெட் வானம் பார்க்கும்படி நிறுத்துங்கள். இப்போது திரவம் பிஸ்டனின் தலையில் குளம் போல நின்று, ரிங்கைச் சுற்றிலும் ஒரே அளவாக இறங்கும்.

அசிட்டோனும் ஏ.டி.எஃப்.பும் பாதிக்குப் பாதி. இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகக் கலக்காது. ஊற்றும் ஒவ்வொரு முறையும் டப்பாவைக் குலுக்க வேண்டும். அசிட்டோன் சந்துக்குள் புகுந்து எண்ணெய்க்கு வழிகாட்டிவிட்டு ஆவியாகிவிடும். எண்ணெய் அங்கேயே தங்கும். ஆவி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். கிரைண்டர், வெல்டிங் எதுவும் பக்கத்தில் ஓடக்கூடாது. அசிட்டோன் ரப்பர் சீல்களையும் பெயின்ட்டையும் தின்னும். சிந்தினால் உடனே துடையுங்கள்.

பிளக் துளை வழியாக ஒரு கம்பியை விட்டு மட்டத்தை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். முதல் நாள் கொஞ்சம் குறைவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது அசிட்டோன் ஆவியானது. மூன்றாம், நான்காம் நாளில் மட்டம் தொடர்ந்து இறங்கி, கிராங்க் கேஸின் அடியில் சிவப்பு எண்ணெய் சொட்டினால் ரிங்கைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதுவரை மரச்சட்டத்தைத் தொடவே வேண்டாம். என் அனுபவத்தில் ஒரு வாரம் என்பது குறைந்தபட்சம்.

ஒரு வாரம் கழித்துச் சட்டத்தை இரு பக்கமும் மாற்றி மாற்றி மெல்ல அசையுங்கள். முடி அளவு அசைந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆசைப்பட்டு முழுச் சுற்று சுற்றினால், துரு மேட்டில் ரிங் சிக்கி உடையும். உடைந்த துண்டு சுவரை உழுதுவிடும். அசைந்தாலும் அசையாவிட்டாலும் அடுத்தது சிலிண்டரைக் கழற்றுவதுதான்.

7. சூடு காட்டலாமா?

காட்டலாம், ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்து காட்டுங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன் அலுமினியம், பேரல் எஃகு. இரண்டையும் சமமாகச் சூடாக்கினால் பிஸ்டன் இன்னும் இறுகும். ஆகவே ஹீட் கன்னைப் பேரலின் வெளிப்பக்கம் மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டி, சூடு பிஸ்டனுக்குப் போய்ச் சேர்வதற்குள் நிறுத்த வேண்டும். உள்ளே அசிட்டோன் கலவை இருக்கும்போது இந்தப் பேச்சே கூடாது. முழுவதும் வடித்து, காற்றாட விட்டபின் செய்யுங்கள்.

பிளோ லேம்ப், கேஸ் டார்ச் வேண்டாம். ஹெட்டும் பேரலும் சேர்ந்திருப்பதே சூட்டில் இறுக்கிய பிடிப்பால்தான். நெருப்பு காட்டினால் நீங்கள் தளர்த்துவது அந்த இணைப்பாக இருக்கும்.

சூட்டைவிட எனக்குப் பிடித்தது குளிர். கழற்றிய சிலிண்டரை வீட்டு ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தால் 50 டிகிரி இறங்கும். 130 மி.மீ. விட்டத்தில் பிஸ்டன் 0.15 மி.மீ. சுருங்க, பேரல் 0.08 மி.மீ. மட்டுமே சுருங்கும். கிடைக்கும் இடைவெளி சொற்பம்தான். அதிலும் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இரும்பு ரிங்குகள், அவை பேரலோடு சேர்ந்தே சுருங்கும். ஆனாலும் இரண்டு மூன்று முறை குளிரவைத்து வெளியே எடுத்தால் துருவின் பிடி விரிசல் விடுகிறது, அந்த விரிசலில் எண்ணெய் இறங்குகிறது. வீட்டு ஃப்ரீசர் என்றால் சிலிண்டரைக் கழுவி, பாலிதீன் பையில் சுற்றி வையுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு வையுங்கள்.

8. நல்ல மூன்றையும் முதலில் எடுங்கள்

இறுகியதை நேராகக் கழற்றப் போகாதீர்கள். மற்ற மூன்று சிலிண்டர்களும் வெளியே வந்தால்தான் கேஸுக்குள் எட்டிப் பார்க்கவும், ஸ்பானரை விடவும் வழி கிடைக்கும்.

சிலிண்டர் ஒவ்வொன்றும் வெளியே வரும்போது அதன் ராட் கேஸின் விளிம்பில் தொப்பென்று விழாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கேஸின் திறப்பை உடனே சுத்தமான துணியால் மூடுங்கள். கழன்ற ஒரு வாஷர் கேஸுக்குள் விழுந்தால் அன்றைய நாள் போச்சு.

புதியவர்கள் கட்டாயம் தவறவிடும் ஒன்று இங்கே இருக்கிறது. சிலிண்டரைப் பிடிக்கும் ஸ்டட்டுகளில் சில கேஸின் இரு பாதிகளையும் ஊடுருவி, மெயின் பேரிங்குகளை நெருக்கிப் பிடிப்பவை. சிலிண்டர் போனதும் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அந்த நிலையில் கிராங்கைச் சுற்றினால் பேரிங் ஷெல் இடம் மாறிவிடலாம். ஆகவே கழற்றிய மூன்று சிலிண்டர்கள் இருந்த இடங்களில் ஸ்டட்டுகளின் மேல் எஃகுப் புஷ்களைப் போட்டு, கையேட்டில் சொன்ன டார்க்குக்கு நட்டை இறுக்குங்கள். அதன் பிறகுதான் கிராங்கை அசைக்கலாம்.

9. கிராங்கை வைத்தே சிலிண்டரை வெளியே தள்ளுங்கள்

இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த இடம் இது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிவிட்டது, ராட் பிஸ்டனோடு இருக்கிறது, ராட் கிராங்கோடு இருக்கிறது. சிலிண்டரின் அடி நட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், பிஸ்டனுக்குச் சிலிண்டருக்குள் நகரவேண்டிய அவசியமே இல்லை. பிஸ்டன் உச்சியை நோக்கிப் போகும்படி கிராங்கைத் திருப்பினால், சிலிண்டர் முழுசாகப் பிஸ்டனோடு சேர்ந்து வெளியே எழும்பி வரும். அத்தனை நாள் கல்லாய்க் கிடந்த கிராங்க் ஒற்றைக் கையில் திரும்பும்.

எந்தத் திசையில் திருப்புவது என்பதைத் திறந்திருக்கும் மற்ற துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். தவறான திசையில் திருப்பினால் சிலிண்டர் கேஸோடு அழுந்தி, பழைய கதைதான். சிலிண்டர் பத்து கிலோவுக்கு மேல் எடை. கேஸை விட்டுக் கிளம்பியதும் அது பிஸ்டன் பின்னில் தொங்கிச் சாயும். இன்னொருவர் இரு கையாலும் தாங்கிக்கொண்டே வரவேண்டும்.

பிறகு பிஸ்டன் நின்ற இடத்தைப் பாருங்கள். தாழ இறுகியிருந்தால் பின் துளை பேரல் விளிம்புக்கு வெளியே தெரியும். பின்னைத் தள்ளி எடுத்தால் சிலிண்டரும் பிஸ்டனும் தனியாக வந்துவிடும், ராட் கேஸில் நிற்கும். மேலே இறுகியிருந்தால் பின் பேரலுக்குள் ஒளிந்திருக்கும், எட்டாது. அப்போது எதிர்ப்பக்கத்துத் துளை வழியாக ஸ்பானரை விட்டு, கிராங்கைப் பற்றியிருக்கும் ராடின் பெரிய முனையில் உள்ள மூடியைக் கழற்ற வேண்டும். கீழே துணியை விரித்து, நட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராட், பிஸ்டன், சிலிண்டர் மூன்றும் ஒன்றாக வெளியே வரும். மூடியையும் ராடையும் எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பானர் எட்டவில்லை என்றால் கேஸைப் பிரிப்பதுதான் வழி. அடித்து வளைத்து எட்டவைக்கப் பார்க்காதீர்கள்.

10. மேசையில் வைத்துப் பிஸ்டனைத் தள்ளுவது

பிஸ்டன் வரவேண்டிய திசை ஹெட்டிலிருந்து அடிப்பக்கம். நமக்கு இது சாதகமானது. இந்தப் பேரல்கள் ஹெட்டை நெருங்க நெருங்க ஒரு முடியளவு குறுகலாகக் கடையப்பட்டவை. அடியை நோக்கி வரவர இடம் கூடும். அசைந்துவிட்டால் அதன்பின் எளிதாகிக்கொண்டே போகும்.

பயிற்சி சிலிண்டருக்கு கிரீஸ் கன் முறை. சிலிண்டரை ஒரு பிளக் துளை மேலே இருக்கும்படி படுக்கவைத்து, எண்ணெயால் நிரப்பி, குலுக்கி, குமிழி அடங்கும் வரை மறுபடி நிரப்புங்கள். உள்ளே காற்று மிச்சமிருக்கக்கூடாது. அழுத்திய எண்ணெய் பிஸ்டன் அசைந்ததும் அழுத்தத்தை இழந்துவிடும். அழுத்திய காற்று விரிந்து பிஸ்டனைக் குண்டு மாதிரி எறியும். கம்ப்ரஸர் காற்றைப் பயன்படுத்தவே கூடாது என்பதும் இதனால்தான்.

ஒரு பிளக் துளையை மூடிவிட்டு மற்றதில் கிரீஸ் நிப்பிள் வைத்த பழைய பிளக்கைப் போடுங்கள். ஹெட்டின் பிளக் துளையில் கம்பிச்சுருள் மரை இருக்கும், அளவுக்கு மேல் இறுக்கினால் பிடுங்கிக்கொண்டு வரும். பேரலின் வாய்க்கு எதிரே ஒரு கனமான பலகையைக் கட்டி, இடையில் பழைய துணியை அடையுங்கள். ராட் இன்னும் மாட்டியிருந்தால் அதன் போல்ட்டுகளில் ரப்பர் குழாயைச் செருகுங்கள். இல்லாவிட்டால் அவை சுவரைக் கீறும்.

இனி கேஜ்தான் எஜமானர். பிஸ்டனின் பரப்பு 133 சதுர செ.மீ. 10 பார் அழுத்தத்திலேயே 1.3 டன்னுக்கு மேல் தள்ளுகிறது, 20 பாரில் 2.7 டன். சாதாரணக் கை கிரீஸ் கன் சில நூறு பார் வரை தரக்கூடியது. கேஜ் இல்லாமல் அடித்தால் பிஸ்டனுக்குப் பதில் ஹெட் கழன்று வரும். நான் 35 பாரைத் தாண்டுவதில்லை. 5 பார் ஏற்றுங்கள், பத்து நிமிடம் காத்திருங்கள், மீண்டும் 5 பார். உள்ளிருந்து வரும் அழுத்தம் வால்வுகளை அவற்றின் இருக்கையில் இன்னும் அழுத்தும் என்பதால் சிறு கசிவுகள் தானாக அடங்கும். போர்ட் வழியாக கிரீஸ் புழுவாக வந்தால் வால்வு இருக்கை அரித்திருக்கிறது. வால்வுத் தண்டின் தலையில் மரச்சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள்.

"டக்" என்று ஒரு சத்தம் வரும், கேஜ் முள் விழும். அப்போது நிறுத்தி, அடிப்பக்கத்திலிருந்து சுவரில் எண்ணெய் தடவிவிட்டு மெதுவாகத் தொடருங்கள். ரிங்குகள் வாய்க்கு வந்ததும் கிரீஸ் வழியும், அழுத்தம் நிற்காது. மிச்சத்தைக் கையால் இழுங்கள். 35 பாரிலும் அசையவில்லையா? அழுத்தத்தை இறக்கி, துடைத்து, மறுபடி ஊறவும் குளிரவும் விடுங்கள். இரண்டாம் சுற்றில் வராததை மூன்றாம் சுற்றில் எடுத்திருக்கிறேன்.

சிலிண்டரைப் பேரல் வாயில் நிற்கவைக்காதீர்கள். கேஸுக்குள் போகும் அந்த விளிம்பு மெல்லியது, நெளிந்தால் சரிசெய்ய முடியாது.

11. வெளியே வந்தபின், அதே நாளில்

துரு போன சுவர் நிர்வாணமாக இருக்கும். ஈரக்காற்றில் ஒரே இரவில் மறுபடி பூக்கும். கழுவித் துடைத்து உடனே எண்ணெய் பூசுங்கள்.

ராடை ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்துப் பாருங்கள். பறக்கும் இன்ஜின் என்றால் கண்ணால் பார்த்தது போதாது. அளவு, விரிசல் சோதனை எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும், ராடின் போல்ட்டும் நட்டும் புதிதாக இருக்க வேண்டும்.

சிலிண்டர் துளை வழியாக டார்ச் அடித்து, வால்வுகளை இயக்கும் முகடுகள் கொண்ட தண்டான கேம் ஷாஃப்ட்டைப் பாருங்கள். லைகமிங்கில் அது கிராங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் நின்றதும் எண்ணெய் வடிந்து முதலில் காய்வது அதுதான். சிலிண்டர் இறுகும் அளவுக்குத் துருப்பிடித்த இன்ஜினில் கேம் முகடுகள் பழுதில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. முகட்டில் நகத்தை ஓட்டுங்கள். சொரசொரப்பு தட்டினால் கேஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும் சிலிண்டரின் ஃபின்களில் சிவப்புப் பெயின்ட்டால் "பறக்கத் தகுதியற்றது" என்று எழுதுங்கள். அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் ஆறு மாதத்தில் அட்டை போய்விடும், சிலிண்டர் அலமாரியில் இருக்கும்.